பேச்சுரிமையின் எல்லை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

புத்தகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் எதிராகத் தெருவில் எழும் தடைக் கோரிக்கைகளுக்கு அரசு இணங்கக்கூடாது என்று சென்ற இதழின் தலையங்கம் வலியுறுத்தியிருந்தது. அதை ஏற்றும் மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. மறுத்து எழுதியவர்களின் கேள்விகளுக்கே இம்முறை அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். அவற்றில் பல எளிதில் பதில் சொல்லிவிட முடியாதவை.

கேள்வி: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பேச்சுக்கும் பொருந்தும். எல்லையே இல்லாத உரிமை உலகில் எங்கும் கிடையாது. சுற்றி வளைக்காமல், எல்லைக் கோட்டை எங்கே போடுவீர்கள் என்று சொல்லுங்கள். – ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

எல்லை வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை, அம்மா. நம் அரசியலமைப்புச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைக் கொடுக்கிறது. 19(2) பிரிவு அதைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களைப் பட்டியலிடுகிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய எட்டும்தான் அந்தக் காரணங்கள். இவற்றுக்கு வெளியே வேறு காரணம் காட்டிப் பேச்சைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரியில் தெளிவாக்கியது. ஒருவருடைய மனம் புண்பட்டது என்பது இந்த எட்டில் இல்லை என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியல் வளர்ந்த கதையில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 'பொது ஒழுங்கு' என்ற காரணம் அதில் இல்லை. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அன்றைய மாகாண அரசு, பொது ஒழுங்குச் சட்டம் ஒன்றைக் காட்டித் தடை விதித்தது. அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தீர்ப்பு வந்து ஓராண்டு கடந்த நிலையில், 1951-இல், முதல் திருத்தத்தின் மூலம் 'பொது ஒழுங்கு', 'குற்றம் செய்யத் தூண்டுதல்', 'அயல்நாட்டு நட்புறவு' ஆகியவை சேர்க்கப்பட்டன. எந்தக் கட்டுப்பாடும் 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் நுழைந்தது. பின்னாளில் பேச்சுரிமையைக் காத்த தீர்ப்புகளில் பல அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றன. 1963-இல் வந்த பதினாறாவது திருத்தம் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்பதைச் சேர்த்ததற்கு, திராவிட முன்னேற்றக் கழகம் அன்று முன்வைத்திருந்த தனிநாட்டுக் கோரிக்கை முக்கியமான காரணம். மாநிலங்களவையில் அண்ணா அந்தக் கோரிக்கையை வெளிப்படையாக வாதிட முடிந்தது என்பதையும், பின்னர் அவருடைய கட்சி அதைக் கைவிட்டுத் தேர்தல் வழியில் 1967-இல் ஆட்சிக்கு வந்தது என்பதையும் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு எதிரான பேச்சு என்று கருதப்பட்ட ஒன்றைக்கூட அவையில் வைத்து விவாதிக்கும் அளவுக்கு அன்றைய குடியரசுக்குத் தன்னம்பிக்கை இருந்தது.

நீங்கள் கேட்ட கோட்டுக்கு வருகிறேன். ஒரு பேச்சு, அதற்கு மறுபேச்சு எழுவதற்கான அவகாசத்தையே கொடுக்காமல், மனிதர்களின் உயிருக்கோ உடலுக்கோ வாழ்வாதாரத்துக்கோ கேடு விளைவிக்குமானால் அங்கே சட்டம் குறுக்கிட வேண்டும். மறுத்துப் பேச நேரமும் இடமும் இருக்கும் வரையில், அந்தப் பேச்சு எவ்வளவு தவறாக இருந்தாலும் அதற்குப் பதில் பேச்சுதான். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு போட்டது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, அதைச் செய்யத் தூண்டுவது ஆகிய மூன்றில், மூன்றாவதை எட்டும்போதுதான் தடைக்கு இடமுண்டு என்றது அந்தத் தீர்ப்பு.

கேள்வி: எங்கள் ஊரையும் எங்கள் பெண்களையும் கோவில் திருவிழாவையும் இழிவுபடுத்தி ஒருவர் கதை எழுதினார். நாங்கள் கொதித்தெழுந்தால் எங்களைக் 'கும்பல்' என்கிறீர்கள். புண்படுவதற்குக்கூட எங்களுக்கு உரிமை இல்லையா? – வாசகர், திருச்செங்கோடு

இந்தக் கேள்வியில் இருக்கும் வலி உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். புண்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதை ஊரறியச் சொல்லவும், அந்த நாவல் தவறென்று எழுதவும், கூட்டம் போட்டுக் கண்டிக்கவும், வாங்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு. இவை அனைத்தும் எழுத்தாளருக்கு இருக்கும் அதே பேச்சுரிமையிலிருந்து உங்களுக்கும் கிடைப்பவை.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. குழந்தைப் பேறு இல்லாத ஒரு தம்பதியின் துயரத்தை, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பின்னணியில் சொல்லும் நாவல் அது. நான்கு ஆண்டுகள் எந்தச் சலசலப்பும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகு, 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது, புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட நிர்வாகம் கூட்டிய சமாதானக் கூட்டத்தில், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அதன்பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கூட்டத்தின் உடன்படிக்கை அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்ற அழைப்போடு தீர்ப்பை முடித்தது.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. எதிர்ப்பின் உச்சத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் நாவலை முழுமையாகப் படித்திருந்தார்கள்? குறிப்பிட்ட சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுப் பரவின என்பது அன்றைய செய்திகளில் வந்தது. இருநூறு பக்கக் கதையில் பொன்னாவும் காளியும் படும் பாட்டைப் படித்தவர்கள், அது பெண்களை இழிவுபடுத்த எழுதப்பட்டது என்ற முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையில்லாத பெண்ணை ஊர் எப்படி நடத்துகிறது என்பதை அவ்வளவு பரிவோடு சொன்ன நாவல்கள் தமிழில் குறைவு. இதில் நீங்கள் என்னோடு மாறுபடலாம். மாறுபட்டு எழுதி அனுப்பினால் இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.

நான் ஏற்க மறுப்பது அந்த ஜனவரிக் கூட்டத்தைத்தான். அங்கே ஒரு பக்கம் தனி மனிதர் ஒருவர். எதிர்ப்பக்கம் ஊரையே அடைக்க வல்ல அமைப்புகள். நடுவே இருந்து எழுத்தாளரைக் காப்பாற்ற வேண்டிய அரசு அலுவலர்களோ, எழுத்தாளர் இணங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். அதைச் சமாதானம் என்று சொல்வதற்கு இல்லை.

தமிழருக்குப் புண்படுவதும் புதிதல்ல, பதில் சொல்வதும் புதிதல்ல. வள்ளலாரின் பாடல்களை 'அருட்பா' எனலாமா கூடாதா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சர்ச்சையில் ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் நூலுக்கு எதிர்நூல், மேடைக்கு எதிர்மேடை என்று பல்லாண்டுகள் மோதின. சொற்கள் கடுமையாக இருந்தன, வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இன்று அந்தப் பாடல்களும் இருக்கின்றன, அவற்றை மறுத்த நூல்களும் இருக்கின்றன. யாருடைய எழுத்தும் அழிக்கப்படாததால்தான் இரு தரப்பின் நியாயத்தையும் நம்மால் எடைபோட முடிகிறது.

கேள்வி: நான் காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதிகளும் எழுத்தாளர்களும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். முப்பது காவலர்களை வைத்துக்கொண்டு, ஆத்திரத்தோடு நிற்கும் மூவாயிரம் பேருக்கு முன்னால் நான் பேச்சுரிமையைப் பற்றிப் பாடம் நடத்த முடியுமா? ஒரு கூட்டத்தை ரத்து செய்தால் நூறு உயிர் பிழைக்கும் என்றால் எதைச் செய்வது? – மதுரை

ஐயா, வந்த கடிதங்களிலேயே நான் அதிக நேரம் யோசித்தது உங்கள் கடிதத்துக்குத்தான். அந்த நேரத்தில், அந்த இடத்தில் நிற்பவரின் நெருக்கடியை அறையில் உட்கார்ந்து எழுதுபவர் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் நெருக்கடியான இரவில் ஓர் ஆய்வாளர் எடுக்கும் முடிவும், பல நாட்கள் முன்பே தெரிந்த எதிர்ப்பை எதிர்கொள்ள ஒரு மாநில அரசு எடுக்கும் முடிவும் ஒன்றல்ல.

இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் வந்தால் கலவரம் வெடிக்கும் என்று தமிழக அரசும் வாதிட்டது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. ஊர்வலம், ஆர்ப்பாட்டம், வன்முறை ஆகியவற்றின் மிரட்டலுக்காகப் பேச்சை அடக்குவது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும் என்றும், எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கை விரிக்கக் கூடாது என்றும் சொன்னது. பேச்சுக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறியைப் போல நேரடியானதாகவும் உடனடியானதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல். அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடானதல்ல. இடஒதுக்கீடு இல்லாமல் இந்த மாநிலத்தில் படித்திருக்கவே முடியாத பல தலைமுறைகளை நினைத்தால் அதன் வாதம் எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. அதற்காக அது திரையிடப்படாமல் போயிருந்தால், அடுத்த முறை என் தரப்புப் படத்தைத் தடுக்க யாரோ அதையே முன்னுதாரணமாகக் காட்டியிருப்பார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஜனவரியில், தணிக்கைச் சான்றிதழ் பெற்ற 'விஸ்வரூபம்' படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு மூலம் நிறுத்தி வைத்தார்கள். 524 திரையரங்குகளுக்குப் பாதுகாப்புத் தரப் போதுமான காவலர்கள் இல்லை என்பது அன்றைய முதலமைச்சர் சொன்ன காரணம். கடைசியில் எதிர்ப்புத் தெரிவித்த அமைப்புகளோடு பேசிச் சில காட்சிகளை நீக்கிய பிறகே, பிப்ரவரி 7 அன்று, படம் வந்தது. 1989-இல் எந்தக் காரணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்றோ, அதே காரணம் மீண்டும் சொல்லப்பட்டு, வென்றும் விட்டது. மிரட்டினால் அரசு பணியும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த கூட்டம் இன்னும் பெரிதாகத்தான் வரும். அதன் முன்னால் நிற்கப்போவதும் உங்கள் இடத்தில் பணிபுரியும் இன்னோர் ஆய்வாளர்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? கூட்டத்தின் நேரத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், ஊர்வலப் பாதையைத் திருப்பலாம், இரு தரப்பையும் ஒரே நாளில் ஒரே தெருவில் சந்திக்க விடாமல் தடுக்கலாம். இவை பேச்சின் உள்ளடக்கத்தைத் தொடாத ஏற்பாடுகள். மிரட்டல் விடுத்தவர்கள் மீது முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கலாம். இத்தனைக்குப் பிறகும் ஒரு மாலைப் பொழுதில் நிலைமை கைமீறினால், அன்றைக்குக் கூட்டத்தை ஒத்திவைத்து உயிர்களைக் காத்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே அதே கூட்டத்தை முழுப் பாதுகாப்போடு நடத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருடைய மேலதிகாரிகளுக்கும் அரசுக்கும் இருக்கிறது.

கேள்வி: கடவுளைத் திட்டினால் கருத்துரிமை, சாதியைச் சொல்லித் திட்டினால் மட்டும் வன்கொடுமையா? இரண்டுமே வெறும் சொற்கள்தானே? – கல்லூரி மாணவர், வேலூர்

இரண்டும் சொற்கள்தான், தம்பி. அவை யார்மீது விழுகின்றன என்பதில் வேறுபாடு இருக்கிறது.

ஒரு நம்பிக்கை, ஒரு கொள்கை, ஒரு தத்துவம் ஆகியவற்றை எவ்வளவு கடுமையாகத் தாக்கினாலும் அவற்றை ஏற்றவர் எழுந்து நின்று பதில் சொல்லலாம். அந்தத் தாக்குதலால் அவருடைய நிலை தாழ்ந்துவிடுவதில்லை. சித்தர் பாடல்கள் கல்லையும் சடங்கையும் கேள்வி கேட்டபோதும் பக்தி இயக்கம் அழிந்துவிடவில்லை. 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தபோது தொடரப்பட்ட வழக்கு 1958-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கீழ் நீதிமன்றங்கள் 'புனிதப் பொருள்' என்பதற்குக் கொடுத்த விளக்கம் குறுகலானது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மக்களின் மத உணர்வை மதிக்க வேண்டும் என்றும் சொன்னது. காலம் கடந்துவிட்டதால் வழக்கை மேலே நடத்த உத்தரவிடவில்லை. பிள்ளையார் கோவில்கள் இன்றும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பெரியார் சிலைகளும் இருக்கின்றன.

பொது இடத்தில் ஒருவரைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்தும்போது அங்கே மறுக்கத்தக்க கருத்து எதுவும் முன்வைக்கப்படுவதில்லை. 'நீ எங்கே நிற்க வேண்டியவன் தெரியுமா' என்ற கட்டளைதான் பிறப்பிக்கப்படுகிறது. கேட்பவர் பதில் பேசினால் அடி விழும், வேலை போகும், ஊர்க் கிணறும் கடையும் மூடப்படும் என்ற நூற்றாண்டு அனுபவம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. மறுபேச்சுக்கு இடமில்லாத பேச்சு என்று முதல் பதிலில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடக்கும் அவமதிப்பைக் குற்றமாக்குகிறது. நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாத இடத்தில் சொல்லப்பட்டது இந்தப் பிரிவுக்குள் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தும் இருக்கிறது.

சாதி அமைப்பைப் பற்றியோ, இடஒதுக்கீட்டைப் பற்றியோ, இந்தச் சட்டத்தைப் பற்றியோ எதிர்க்கருத்து எழுதுவதை இச்சட்டம் தடுக்கவில்லை. கொள்கையைத் தாக்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்கிறது. எதிரே நிற்கும் மனிதரை மனிதராகவே மதிக்க மறுக்கும் உரிமைதான் இல்லை.

கேள்வி: அரசை எதிர்த்துப் பேசினால் தேசத்துரோக வழக்கு வரும் என்ற பயம் நியாயமானதா? – தூத்துக்குடி

நியாயமான பயம்தான். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோக (ராஜதுரோக) பிரிவான 124ஏ உட்பட வழக்குகள் போடப்பட்டன. டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் அதே பிரிவில் கைதானார். வன்முறையைத் தூண்டினாலோ பொது ஒழுங்கைக் குலைக்க முனைந்தாலோ மட்டுமே அது குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லியிருந்தும் இது நடந்தது. 2022 மே மாதத்தில் அந்தப் பிரிவை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 'ராஜதுரோகம்' என்ற சொல் இல்லை; அதன் 152-ஆம் பிரிவு, பழைய பிரிவைவிடத் தெளிவற்ற சொற்களோடு, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்கிறது. மீனவர்கள் கடற்கரையில் நின்று எழுப்பும் முழக்கத்தால் கவிழ்ந்துவிடும் அளவுக்கு இந்தக் குடியரசு பலவீனமானது என்று நம்புகிறவர்களே இத்தகைய பிரிவுகளைப் பயன்படுத்துவார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் வரும் பொய்களைத் தடுக்கக் கடுமையான சட்டம் வேண்டாமா? இங்கும் நீங்கள் பேச்சுரிமை என்பீர்களா? – திருவண்ணாமலை

2018 மே மாதத்தில் உங்கள் மாவட்டத்தில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த நேரத்தில், குலதெய்வக் கோவிலைத் தேடிப் போளூர் அருகே வந்த சென்னைக் குடும்பம் ஒன்றைக் கிராமத்தினர் சூழ்ந்து தாக்கினார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்த 'குற்றம்'. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்த வதந்திக்கு யார், எப்போது, எங்கே நின்று மறுப்புச் சொல்லியிருக்க முடியும்? நான் போடும் கோட்டுக்கு அப்பால் கிடக்கும் பேச்சு இதுதான்.

இருந்தாலும் 'பொய் சொன்னால் சிறை' என்று பொதுவாகச் சட்டம் எழுதினால், எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்தந்தக் காலத்து அரசின் கைக்குப் போய்விடும். தண்டிக்க வேண்டியது, ஆளைக் காட்டி அடிக்கச் சொல்லும் பொய்யை; அடித்தவர்களை அதைவிடக் கடுமையாக. மற்றதற்கு, விரைந்து வரும் உண்மையே நல்ல மருந்து. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, தமிழகக் காவல் துறை ஒவ்வொரு காணொளியும் எங்கே எடுக்கப்பட்டது என்று சில நாட்களுக்குள் இந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. பீதி அடங்கியதற்கு அதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பத்திரிகைகள் பொய் எழுதினால் அமைச்சர்கள் அவதூறு வழக்குப் போடுவதில் என்ன தவறு? அவர்களுக்கும் மானம் உண்டல்லவா? – சேலம்

மானம் எல்லோருக்கும் உண்டு. அதை மீட்க உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கேட்கும் வழியும் எல்லோருக்கும் உண்டு. என் எதிர்ப்பு, அவதூறைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருப்பதற்கு. அமைச்சர் தன் அரசுப் பணி தொடர்பாக அவதூறுக்கு ஆளானதாகக் கருதினால், அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞரே அவருக்காக நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அமைச்சரின் மானத்துக்கு மக்கள் பணத்தில் வழக்கு நடக்கிறது. 2016-க்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மட்டும் தமிழக அரசு இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கே போயிற்று. அவற்றில் ஒரு தொகுதியை 2020 மே மாதம் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், அரசு பெற்றோரைப் போலப் பொறுமை காட்ட வேண்டும் என்று அறிவுரை சொன்னது. 1994-இல் 'நக்கீரன்' வழக்கில், அரசு ஊழியரின் பணி பற்றிய செய்தி தவறாக இருந்தாலும், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதப்பட்டது என்று நிரூபித்தால் ஒழிய நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இருக்கிறது. குற்றவியல் அவதூறுக்கும் அதே விதி பொருந்தினால் போதும். ஆனால் 2016-இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது.

சட்டமன்ற உரிமை மீறலும் இதே வகை ஆயுதம்தான். 1987-இல், அட்டைப்படத்தில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததால் சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தச் சிறைவைப்பு தவறென்று 1994-இல் உயர் நீதிமன்றம் கூறி, 1000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2003 நவம்பரில் 'தி இந்து' ஆசிரியர் உள்ளிட்டோருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று சட்டமன்றம் தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தையொட்டி விகடனின் இணையதளம் முழுவதும் மத்திய அரசால் முடக்கப்பட்டது. மார்ச் மாதத்தில், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு தளத்தைத் திறக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று சம்பவங்களிலும் ஆட்சியில் இருந்தவர்கள் ஒரே கட்சியினர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இங்கும் அரசியலமைப்பில் பேச்சுச் சுதந்திரம் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. அதனால் எங்களுக்கு என்ன பலன்? – யாழ்ப்பாணம்

உங்கள் கசப்புக்குக் காரணம் உண்டு. பத்திரிகையாளர் ஜெ. திசைநாயகம் எழுதிய எழுத்துக்காகவே 2009-இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். மறு ஆண்டு பொது மன்னிப்புக் கிடைத்தது. இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதைகளில் தீவிரவாதம் இருப்பதாகச் சொல்லி 2020-இல் கைது செய்யப்பட்டார். பிணை கிடைக்கவே 2021 டிசம்பர் ஆயிற்று. 2023-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதைகளை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தால் இத்தனை காலம் ஓர் இளைஞரின் வாழ்வு வீணாகியிருக்காது. பேச்சுக் குற்றங்களில் தீர்ப்பைவிட விசாரணைக் காலச் சிறைதான் பெரிய தண்டனை. எனவே எல்லை எங்கே என்று கேட்கும்போதே, பிணை எத்தனை நாளில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தியாவிலும் நிலைமை இதில் வெகுவாக மாறுபட்டதல்ல.

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் குப்பை அள்ளும் ஒப்பந்தத்தில் முறைகேடு இருப்பதாக என் மகன் முகநூலில் எழுதினான். கவுன்சிலர் தரப்பினர் புகார் கொடுத்துவிட்டதாகவும், காவல் நிலையத்துக்கு வரச் சொல்வதாகவும் பேச்சு. பதிவை நீக்கிவிடச் சொல்லலாமா? பயமாக இருக்கிறது. – ஒரு தாய், கோவை மாவட்டம்

பயப்படாதீர்கள், அம்மா. முதலில் மகனோடு உட்கார்ந்து பதிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஒப்பந்தம் பற்றிய விமர்சனமாக இருந்தால் நீக்க வேண்டியதில்லை. தகவலில் பிழை இருந்தால் திருத்தி, திருத்தியதையும் அங்கேயே குறிப்பிடச் சொல்லுங்கள். யாருடைய சாதியையோ குடும்பத்துப் பெண்களையோ இழுத்து ஏதேனும் எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் உடனே எடுத்துவிட்டு வருத்தம் தெரிவிக்கச் சொல்லுங்கள். வழக்குக்குப் பயந்து செய்வதாக இருக்க வேண்டாம், அது தவறு என்பதற்காகச் செய்யட்டும். பதிவின் படத்தையும் அதன் கீழ் வந்த மிரட்டல்களையும் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவதூறு என்பது காவல் துறை தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் குற்றவியல் நடுவரிடம்தான் முறையிட வேண்டும். வேறு பிரிவுகளில் புகார் கொடுத்திருந்தாலும், மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட தண்டனைக்குரிய பேச்சுக் குற்றங்களில் வழக்குப் பதியும் முன்பே முதற்கட்ட விசாரணை நடத்துவது பொருத்தம் என்று, ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட வழக்கை ரத்து செய்த 2025 மார்ச் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்லை எடைபோடும்போது, எதையும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும் பலவீனமான மனத்தின் அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. விசாரணைக்கு அழைத்தால் எழுத்துப்பூர்வமான அழைப்பாணை கேளுங்கள். வாய்மொழியாகக் கூப்பிட்டதற்காக மகன் தனியாகப் போக வேண்டாம், வழக்கறிஞர் ஒருவரோடு போகட்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். ஆவணங்களில் 66ஏ என்ற பிரிவு எங்காவது தென்பட்டால் அது 2015-லேயே ரத்தாகிவிட்டது என்பதை வழக்கறிஞர் சுட்டிக்காட்டுவார். ரத்தான பிறகும் பல ஊர்களில் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில், அந்த ஒப்பந்தத்தின் நகலையும் இதுவரை வழங்கப்பட்ட தொகையின் விவரத்தையும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மகன் ஒரு மனு அனுப்பட்டும். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதிலுள்ள எண்களை வைத்து அடுத்த பதிவை எழுதட்டும்.